சின்னம் நேராக நின்ற வீடு

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சபையின் அறிக்கையில் அது ஒழுங்காகச் சொல்லப்படவில்லை.

மேலே, புதிய மாடித் தரையில் இருந்தவர்கள்: தேசிய வலுப்பலகை அபிவிருத்திச் சபையின் தலைவர் சிவசுப்பிரமணியம், அவருடைய மரியாதை ஒழுங்கு அதிகாரி அல்பேட், பெயர் கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் உதவிப் பணிப்பாளர்கள் மூவர், படம் பிடிக்க வந்த ஃபாஹிம், குடும்பத்துக்கு மூத்தவர் என்ற முறையில் நூஹு ஹாஜியார். வெளியே பந்தலில் இருந்தவர்கள்: ஹாஜியாரின் தம்பி மனைவி ஸாஜிதா, அவள் மகள் ஷிஹாரா, ஷிஹாராவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை றிப்தியின் தாயும் தகப்பனும், ஆலங்குடா ஊர்ச் சனம். படியடியில், பலகாரத் தட்டுகளைக் காத்துக்கொண்டு, சபையின் பொறியியலாளர் சுபாஜினி. கீழே கூடத்தின் நடுவில், கையில் ஒரு கயிற்றோடு, ஹாஜியாரின் தம்பி மர்ஸூக். கூடத்தில் வேறு யாரும் இல்லை.

இத்தனை பேரிலும் இன்று உயிரோடு இல்லாதவர் மர்ஸூக். மற்றவர்கள் எல்லோரும் நலம். மர்ஸூக்கின் பெயர் மட்டும் ஊரில் கெட்டுக் கிடக்கிறது. அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆலங்குடாவில் பெண்ணைக் கொடுப்பவர்கள் வீட்டையும் கொடுப்பார்கள். மாப்பிள்ளை தன் பெட்டியோடு வந்து அந்த வீட்டில் ஏறுவார். மர்ஸூக்குக்கு ஒரே மகள், ஒரே வீடு. கீழே தாயும் தகப்பனும், மேலே மகளும் மருமகனும் என்று ஒரு மாடி எழுப்பிவிடுவோம் என றிப்தியின் வீட்டாருக்கு நூஹு ஹாஜியார் வாக்குக் கொடுத்தார். தம்பியைக் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு மூத்தவர் வாய் திறந்தால் அது முடிந்த காரியம்.

ஆனால் அந்தக் கரையில் மாடி கட்டுவது லேசான வேலை அல்ல. கடற்காற்று கொங்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் தின்னும். கம்பி துருவேறி வீங்கும், சீமெந்து வெடித்து உதிரும். பக்கத்து விடுதியில், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வந்த வெள்ளைக்காரர்கள், மேலிருந்து உதிரும் துகளுக்குப் பயந்து தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். அது ஏதோ இந்த ஊர்ச் சம்பிரதாயம் என்று நினைத்தார்களாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் சபை வந்தது. முதிர்ந்த தென்னைகளை அறுத்துக் காயவைத்து, பசை பூசி, ஓர் அடுக்கு நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் மூன்றாவது மறுபடி நெடுக்காகவும் வைத்து நசுக்கி, ஒரு சாண் தடிப்பில் பலகை செய்வோம் என்றது. அதில் கம்பியும் இல்லை, துருவும் இல்லை. கரையோரம் முழுவதற்கும் ஒரு மாதிரி வீடு வேண்டும் என்றது. ஹாஜியார் தன் தோட்டத்துக் கிழட்டுத் தென்னைகளைக் கொடுத்தார். தம்பியின் வீட்டையும் கொடுத்தார்.

பலகை நல்ல பலகை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைச் செய்தவள் சுபாஜினி, உடப்பு ஊர்ப் பிள்ளை. பலகை புத்தளத்தில் தயாரானதும் ஒருநாள் மர்ஸூக்கின் வாசலுக்கு வந்து, வெயிலுக்குத் தொங்கவிட்டிருந்த மூங்கில் தட்டியைக் கழற்றி ஹாஜியாருக்கும் தம்பிக்கும் காட்டினாள்.

"ஹாஜியார், இதைப் பாருங்கோ. இந்தப் பக்கம் பிடிச்சா அப்பிடியே சுருளுது. மற்றப் பக்கம் பிடிச்சா விறைப்பா நிக்குது. எங்கட பலகையும் இப்பிடித்தான். அதின்ர நெடுக்கு சுவருக்குச் சுவர் போகவேணும். அதுக்குத்தான் அம்புக்குறி போட்டிருக்கிறன். இந்தக் கூடத்துக்கு ரெண்டு பக்கம்தான் சுவர். முன்னுக்கு வாசல், பின்னுக்குப் படி. அம்பு சுவரைப் பார்த்து இருக்கிற வரைக்கும் ஒண்டும் நடக்காது."

பிறகு புத்தளத்தில், பலகையை அம்புக்குறிப்படி இரண்டு மரக்கட்டைகளின் மேல் தூக்கி வைத்து, மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். பலகை அசையவில்லை. மர்ஸூக் மூட்டைகளின் மேல் ஏறி நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தும் பார்த்தார்.

"நானா, இதில ஒட்டகத்தையும் ஏத்தலாம் போல இரிக்கி!" என்றார் தமையனிடம்.

"இறங்கு மர்ஸூக். நாலு பேர் பார்க்கிறாங்க" என்றார் ஹாஜியார்.

பாரந்தூக்கி வந்து, கூடத்தின் முகடாகவும் மாடியின் தரையாகவும் ஆகப்போகும் அந்த ஒரே சதுரப் பலகையைச் சுவர்களின் மேல் இறக்கிய நாளில்தான் அல்பேட் முதல்முறையாக அந்த வீட்டுக்கு வந்தார். சபையில் மரியாதை ஒழுங்கு அதிகாரிக்குப் பலகையைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. தெரிந்திருப்பது கூடாது என்றும் ஓர் எண்ணம் உண்டு. வாசலால் நுழைந்து அண்ணாந்து பார்த்தவர் நெஞ்சில் கையை வைத்தார்.

"மிஸ், இது என்ன இது? சூரியன் படுத்திருக்கு!"

பலகையின் அடிப்பக்கத்தில், நடுவை ஒட்டி, சபையின் சின்னம் சூட்டுக்கோலால் பதிக்கப்பட்டிருந்தது. இரண்டு தென்னை, நடுவில் ஒரு பலகை, மேலே உதிக்கும் சூரியன், கீழே 'வலுவே வாழ்வு' என்ற வாசகம். தொழிற்சாலையில் யாரோ அதை அம்புக்குறிக்குக் குறுக்காகச் சுட்டுவிட்டார்கள். அம்பு சரியாகப் போனபோது சின்னம் சரிந்தது. தென்னை இரண்டும் சூறாவளியில் சாய்ந்தவைபோலக் கிடந்தன.

"சேர், அம்பு சரியா இருக்கு. அதுதான் முக்கியம்" என்றாள் சுபாஜினி.

"அம்புக்கு விதி இருக்கா?"

"இல்ல."

"சின்னத்துக்கு இருக்கு."

இருந்தது. சின்னம் ஒருவர் காலடியிலும் வரலாகாது. பிரதான வாசலால் நுழைபவர் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். அதன் அருகில் அதனோடு போட்டி போடும் வேறு குறி எதுவும் இருக்கலாகாது. பலகை எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்பதற்கு விதி எழுதச் சபைக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

இதற்காகப் புத்தளத்தில் கூட்டம் கூடியது. வீட்டுக்குப் பெரியவர் என்று ஹாஜியாரையும் அழைத்தார்கள். மேசைமீது இஞ்சிப் பிஸ்கட்டும், தலைவருக்கு முன்னால் மட்டும் முந்திரியும் இருந்தன.

சின்னத்தைச் சீவிவிட்டு நேராகப் பதிக்கலாம் என்றாள் சுபாஜினி. சின்னத்தைச் சீவுவது சின்னத்தை அவமதிப்பது, வழக்குப் போட வேண்டிவரும் என்றார் முதலாவது உதவிப் பணிப்பாளர். யார்மீது வழக்கு என்று கேட்டாள். சீவியவர்மீது, அதாவது சபைமீது, அதைச் சபைதான் தொடுக்க வேண்டும் என்றார். இரண்டாமவர், வாசலை இடித்து மற்றப் பக்கம் வைக்கலாமா என்று யோசித்தார். வாசல் மாறினால் வீதி மாறும், வீதி மாறினால் முகவரி மாறும், அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்றார் அல்பேட். மூன்றாமவர் பிஸ்கட் சாப்பிட்டார்.

"பலகையைத் திருப்பினா அது நிக்காது, சேர்" என்றாள் சுபாஜினி. "நடுவால மடியும்."

தலைவர் சிவசுப்பிரமணியம் முந்திரியை மென்று விழுங்கி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"தங்கச்சி, இந்தப் பலகை மணல் மூட்டைப் பரிசோதனையில் தேறியதா, இல்லையா?"

"தேறினது. ஆனா அப்ப அம்பு..."

"தேறிய பலகை தேறிய பலகைதான். பட்டம் பெற்ற ஒருவர் வேறு பக்கம் திரும்பி நின்றால் பட்டம் போய்விடுமா? நானும் பல பக்கம் திரும்பியவன்தான். ஒவ்வொரு ஆட்சிக்கும் திரும்பியிருக்கிறேன். என் பதவி ஒருநாளும் மடியவில்லை." பிறகு ஹாஜியாரைப் பார்த்தார். "நீங்கள் மானம் மரியாதை தெரிந்த குடும்பம். பலகை சபையின் உடம்பு, சின்னம் அதன் முகம். ஒரு குடும்பத் தலைவர் உடம்பு நோகும் என்று முகத்தைச் சரிப்பாரா?"

அந்தப் பேச்சு ஹாஜியாருக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. நிமிர்ந்து நிற்பதன் அருமை அவருக்குத் தெரியும். முதுகு வலித்தாலும் பள்ளிவாசலில் சாய்ந்து உட்காராதவர். இவ்வளவு பெரிய சபையில் தன் கருத்தைக் கேட்கிறார்களே என்ற எண்ணமும் இருந்தது. "சரிக்க மாட்டார்" என்றார்.

அது ஹாஜியாரின் சம்மதமாகக் குறிக்கப்பட்டது. பாரந்தூக்கி மறுபடி வந்தது. பலகை கால் சுற்று திரும்பியது. சூரியன் எழுந்து நின்றது. சுபாஜினியின் அம்புக்குறி இப்போது வாசலுக்கும் படிக்கும் நடுவே, தாங்க ஒன்றுமில்லாத பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது விதிப்படி, அது சின்னத்தோடு போட்டி போடாதபடி, அதன்மேல் கறுத்த வார்னிஷ் பூசினார்கள்.

திருப்பிய பலகைக்கு மறுபடி மணல் மூட்டை வைத்துப் பார்க்கவேண்டும் என்று சுபாஜினி எழுதிக் கொடுத்தாள். திறப்பு விழாவே பரிசோதனை என்று பதில் வந்தது. மணல் மூட்டைகளுக்கு மரியாதை வரிசை கிடையாது, அதிகாரிகளுக்கு உண்டு. சாதாரண வீட்டில் ஏறப்போகிறவர்கள் எல்லோரும் அதிகாரிகளைவிடக் குறைந்தவர்கள் என்பதால், அதிகாரிகளைத் தாங்கும் தரை எவரையும் தாங்கும் என்று அந்தப் பதிலில் விளக்கமும் இருந்தது. அதே கடிதத்தில் சுபாஜினிக்கு விழாவின் பலகாரப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

விழாவுக்கு முன்தினம் மர்ஸூக் தமையனைத் தேடி வந்தார். முற்றத்தில் நின்றுகொண்டே பேசினார். தமையன் இருக்கச் சொல்லாமல் அவர் இருப்பதில்லை.

"நானா, அந்த உடப்புத் தங்கச்சி சொல்றது மனசில குத்திக்கொண்டே இரிக்கி. நானும் அந்தத் தட்டியைப் பிடிச்சுப் பார்த்தன். சுருளத்தான் செய்யுது."

"தட்டியும் பலகையும் ஒண்டா?"

"எனக்கு என்ன தெரியும்? ஷிஹாரா படுக்கப்போற தரை. அதான் கேட்டன்."

"சபைக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிட்டா? மாப்பிள்ளை வீட்டாக்களுக்கு முன்னால சபையோட மல்லுக்கு நிக்கச் சொல்றியா? நாளைக்குச் சின்னத்தைத் திறந்து வைக்கிற கயிறு குடும்பத்தில ஒருத்தர் கையில குடுக்கிறாங்க. என்னைத்தான் கேட்டாங்க. நான் மேல தலைவருக்குப் பக்கத்தில இரிக்கணும். அந்த மரியாதையை உனக்குத் தந்திரிக்கன்."

மர்ஸூக் சிரித்தார். "ஒட்டகத்தைச் சொன்னன். சபை ஏறும் என்டு நினைக்கல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விழா நாளில் சிலாபத்திலிருந்து செதுக்கு வேலைப்பாடுள்ள கனத்த கதிரைகள் வந்தன. அவற்றைச் சுவரோரமாகப் போடலாமே என்று சுபாஜினி அல்பேட்டிடம் கேட்டாள். ஓரத்தில் இருப்பது ஓரங்கட்டப்பட்டவர்களின் இடம் என்றார் அல்பேட். அதிகாரிகளின் கதிரைகளையெல்லாம் நடுவில், தலைவரைச் சுற்றி, தோளோடு தோள் உரசும்படி போட்டார். அதிகாரி அல்லாத ஹாஜியாரின் கதிரை மட்டும் படிக்குக் கிட்ட, சுவரோரமாகப் போனது. கீழே கூடத்தில் சின்னத்தின்மேல் மஞ்சள் பட்டுத் துணியைக் கட்டி, அதில் ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, கயிற்றுக்குக் கீழே சோக்கால் ஒரு வட்டமும் கீறி, மர்ஸூக்கை அதில் நிறுத்தினார்.

"தலைவர் பேசி முடிச்சு, 'திறக்கிறேன்' எண்டு சொன்னதும் இழுங்கோ. அதுக்கு முந்தி விரலும் அசையக்கூடாது. வட்டத்தை விட்டும் அரக்கக்கூடாது."

மேலே எல்லோரும் அமர்ந்தார்கள். படி வழியாக எட்டிப் பார்த்தால் ஹாஜியாருக்குத் தம்பியின் தலைத் தொப்பி தெரிந்தது. படியடியில் நின்ற சுபாஜினி மர்ஸூக்கிடம் மெல்லிய குரலில் சொன்னதும் கேட்டது.

"நானா, கயிற்றோட சுவர்ப் பக்கமா வந்து நில்லுங்கோ. ப்ளீஸ்."

மர்ஸூக் ஓர் அடி எடுத்து வைத்தார். பிறகு அண்ணாந்து தமையனைப் பார்த்தார். தலைவர் ஒலிபெருக்கியைத் தட்டிக்கொண்டிருந்தார். பந்தலில் றிப்தியின் தாய் தகப்பன் வாசலுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாஜியார் விரலால் வட்டத்தைக் காட்டினார். மர்ஸூக் வட்டத்துக்குள் போனார்.

தலைவர் பேசினார். "பேரன்புடையீர்! இந்தச் சபை தொடங்கிய காலத்தில் எங்களிடம் பலகை இருக்கவில்லை. ஆனால் சின்னம் இருந்தது. கட்டடம் இருக்கவில்லை, வாகனம் இருந்தது. ஆராய்ச்சி இருக்கவில்லை, ஆராய்ச்சிக்குப் பொறுப்பான அதிகாரி இருந்தார். இன்று பலகையும் வந்துவிட்டது. இதிலிருந்து என்ன தெரிகிறது? எது முதலில் வரவேண்டுமோ அதை நாங்கள் முதலில் வைத்தோம்!"

உதவிப் பணிப்பாளர்கள் கைதட்டினார்கள். கைதட்டலுக்குக் கீழே, மிகக் கீழே, பலகை முனகியது. ஹாஜியாரின் கால்விரல்களுக்கு அது முதலில் தெரிந்தது. எழும்பலாமா என்று ஒரு கணம் நினைத்தார். தலைவர் பேசும்போது எழும்புவது மரியாதை அல்ல.

"கேட்டீர்களா?" என்றார் தலைவர், பூரித்துப்போய். "தென்னையும் ஆமோதிக்கிறது! சிலர் சொன்னார்கள், இந்தத் தரை நிற்காது என்று. நான் கேட்கிறேன், நான் நிற்கிறேனே! நான் நிற்கும் இடத்தில் எது நிற்காமல் போகும்? இந்தப் பலகையின் பலம் பசையில் இல்லை, மரத்தில் இல்லை. அது..."

அது எதில் இருந்தது என்று அவர் சொல்லவில்லை. தரை நடுவால் மடிந்தது. மூங்கில் தட்டி சுருள்வதுபோலத்தான், சத்தம்கூட அவ்வளவு பெரிதாக இல்லை. ஓரத்தில் சுவரோடு இருந்த ஹாஜியாரின் கதிரை சரிந்து நின்றது. நடுவிலிருந்த கதிரைகள் எல்லாம் ஒன்றாக, வரிசை குலையாமல், வட்டத்துக்குள் இறங்கின.

தலைவருக்கு மணிக்கட்டு பிசகியது. அல்பேட்டுக்கு முழங்காலில் சிராய்ப்பு. உதவிப் பணிப்பாளர்களும் ஃபாஹிமும் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். பந்தலிலிருந்து ஓடிவந்த மீனவப் பொடியன்கள் கதிரைகளை வீசி, முறிந்த பலகையைப் புரட்டிப் போட்டார்கள். மர்ஸூக் கிடந்தார். கயிறு கையில் இருந்தது.

ஹாஜியார் படி வழியாக இறங்கி வந்து தம்பியின் பக்கத்தில் மண்டியிட்டபோது, புரண்டு கிடந்த பலகையில் மஞ்சள் பட்டுத் துணி கட்டியபடியே இருந்தது. முடிச்சு முடிச்சாகவே இருந்தது. சுபாஜினியும் அதைப் பார்த்தாள்.

"சின்னத்தைப் பாருங்கோ! சின்னத்துக்கு என்ன நடந்தது?" என்று அல்பேட் நொண்டிக்கொண்டு வந்தார். முடிச்சை அவிழ்த்தார், துணியை உருவினார், கைலேஞ்சியால் தூசி துடைத்தார். முறிவு சின்னத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி ஓடியிருந்தது. "தப்பிட்டுது" என்றார். கண் கலங்கியிருந்தது. ஃபாஹிம் பழக்க தோஷத்தில் ஒரு படம் எடுத்தான். அதில் திறந்த சின்னமும், ஒரு கையும், கையில் கயிறும் தெரிந்தன.

அஸறுத் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவை அடக்கினார்கள். சபையிலிருந்து மலர்வளையம் வந்தது. சின்னம் நேராக இருந்தது.

விசாரணையைச் சபையே நடத்தியது. வேறு யாருக்கும் வலுப்பலகையைப் பற்றி அனுபவம் இல்லை என்பது காரணம். பலகை முறியவில்லை, 'கீழ்நோக்கி இடம் மாறியது' என்றது அறிக்கை. சின்னத்துக்குச் சேதமில்லை என்று நன்றியோடு குறித்தது. ஃபாஹிமின் படத்தை வைத்து, காலஞ்சென்றவர் உற்சாக மிகுதியால் குறித்த நேரத்துக்கு முன்னர் கயிற்றைப் பலமாக இழுத்ததால் தரை நிலைகுலைந்தது என்று முடித்தது. துணி கட்டியபடியே இருந்ததாக ஹாஜியார் சொன்னார். அவர் மேலே இருந்தவர், கீழே நடந்ததற்குச் சாட்சியாக முடியாது என்றார்கள். சுபாஜினியும் சொன்னாள். அவளுடைய பொறுப்பு பலகாரம். பலகாரத்தைப் பற்றி அவள் சொன்னவை மட்டும் ஏற்கப்பட்டன.

படம் எல்லோருடைய கைபேசிக்கும் போனது. றிப்தியின் தாய் ஆள் அனுப்பினாள். "வாப்பா தன்ட கையால இழுத்து விழுத்தின வீட்டுப் புள்ளைய எப்பிடி எடுக்கிறது? சனம் கதைக்குது. கொஞ்சம் பொறுப்பம்." ஸாஜிதா, கணவனை இழந்தவள் வெளியே வராத இத்தா நாட்களில், அறைக்குள் இருந்தபடி அதைக் கேட்டாள். ஷிஹாரா பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

ஹாஜியார் கறுத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு புத்தளம் பஸ் ஏறினார். சபையில் தலைவரின் முன்னால் அவருக்குக் கதிரை போட்டார்கள். அவர் இருக்கவில்லை.

"எனக்கு வேற ஒண்டும் வேணாம். அந்த ஒரு வரியை எடுங்க. என்ட தம்பி கயிற்றை இழுக்கல்ல."

தலைவர் கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்தார். "ஹாஜியார், உங்கள் துக்கம் எனக்குத் தெரியும், நானும் விழுந்தவன். ஆனால் யோசியுங்கள். அவர் கயிற்றை இழுக்கவில்லை என்றால் பலகை தானாக விழுந்ததாகிறது. தானாக விழுந்ததென்றால் திருப்பியது பிழை. திருப்பியது பிழையென்றால் விதி பிழை, சின்னம் பிழை, சபையே பிழை. இவ்வளவும் பிழையாக இருப்பதைவிட ஒருவர் பிழையாக இருப்பது எவ்வளவு எளிது! அதுவும் இனி ஒருவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒருவர்." குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாதிரிக்கு 'மர்ஸூக் பலகை' என்று பெயர் வைக்கிறோம். குடும்பத்துக்குப் பெருமை. திருப்புவதற்குச் சம்மதம் சொன்னவரும் நீங்கள்தானே."

ஹாஜியார் நிமிர்ந்துதான் நின்றார். நிற்க மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. "ஓம், நான்தான் சொன்னன்" என்றார். "அதை எழுதுங்க. அவன்ட பேரை எடுத்துட்டு என்ட பேரைப் போடுங்க."

அதற்கு விதி இல்லை என்றார்கள்.

அவர் வீட்டுக்கு வந்தார். முறிந்த பலகையைச் சபை கொண்டுபோய்விட்டது. சின்னமுள்ள பாதியை வெட்டியெடுத்து வரவேற்பறையில் மாட்டியிருப்பதாகக் கேள்வி. மர்ஸூக்கின் கூடத்துக்கு மேலே இப்போது வானம். சோக்கு வட்டத்தை ஸாஜிதா அழிக்கவிடவில்லை. மழை அழித்தது.

மர்ஸூக் ஆசைப்பட்டு, அவசரப்பட்டு, கயிற்றை முந்தி இழுத்ததால்தான் மாடி விழுந்தது என்று கற்பிட்டியிலிருந்து புத்தளம் வரை தேநீர்க் கடைகளில் இன்றும் கதைக்கிறார்கள். அது பிழை. மர்ஸூக் கயிற்றை இழுக்கவில்லை. தலைவர் பேசி முடிக்கும்வரை அசையவேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். தலைவர் பேசி முடிக்கவில்லை.